இடது காதுக்கு ஒரு தனி அளவு

சைதாப்பேட்டை ரயில் நிலையத்தில், போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம், என் இடது காது இயர்பட் தண்டவாளத்தில் விழுந்தது. நான் ஓடவில்லை, கூட்டத்தில் யாரும் இடிக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, போனில் அம்மாவிடம் "பால் வாங்கணுமா?" என்று கேட்டேன், அவ்வளவுதான். கேட்டு முடிப்பதற்குள் அது நழுவித் தோளில் பட்டு, பிளாட்பார விளிம்பில் ஒரு தடவை துள்ளி, வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் போய்விட்டது. வலது காதில் அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பால் வேண்டாம், தயிர் இருந்தால் வாங்கு என்றாள். வண்டி கிளம்பிப் போன பிறகு எட்டிப் பார்த்தேன். ஜல்லிக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. அதுதானா, பிளாஸ்டிக் மூடியா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை. தண்டவாளத்தில் இறங்கி எடுக்கிற பொருள் இல்லை அது. தயிர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

பணம் போனது ஒரு வருத்தம். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது மனதில் ஓடியது அதுவல்ல. எப்போதும் இடதுதானே விழுகிறது, ஏன் என்ற கேள்விதான் ஓடியது. சமையலறையில், மாடிப்படியில், ஆபீஸ் கேன்டீனில் எத்தனையோ முறை இடது இயர்பட்டைக் குனிந்து பொறுக்கியிருக்கிறேன். வலது ஒரு தடவைகூட விழுந்ததில்லை. எனக்கு இது சின்ன விஷயமும் இல்லை. போனில் வாடிக்கையாளர்களிடம் பேசுவதுதான் என் வேலை. ஒரு நாளில் ஐந்து, சில நாள் ஆறு மணி நேரம் காதில் ஏதாவது ஒன்று இருந்தே ஆகவேண்டும். எதிர்முனையில் ஒருவர் தன் கிளெய்ம் ஏன் நின்றுபோனது என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, என் கவனத்தில் பாதி இடது காதில் இருக்கிறது. விழுமோ, இப்போது விழுமோ என்று. ஒரு விரல் எப்போதும் அதை அமுக்கிவிட்டுக்கொண்டே இருக்கிறது. ஒன்பது வருட வேலையில் என் கை அப்படியே பழகிவிட்டது.

"உங்க காது அமைப்பு அப்படி"

மறுநாள் அதை வாங்கிய கடைக்குப் போனேன். ஒற்றை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்கத்தான் போனேன். கவுண்ட்டரில் இருந்த பையன் மரியாதையாகப் பேசினான். எப்படி விழுந்தது என்று கேட்டான். வாங்கிய நாளிலிருந்தே இடது பக்கம் நிற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் கொஞ்சம் சாய்ந்து என் காதைப் பார்த்துவிட்டு, "உங்க காது அமைப்பு அப்படி மேடம். சில பேருக்கு நிக்காது" என்றான்.

அவன் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் என்னை விடவில்லை. கொஞ்ச நாள் நானே அதை நம்பினேன். கண்ணாடி முன்னால் நின்று, முடியை ஒதுக்கி, இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தேன். சின்னக் காதா? குழி ஆழம் போதவில்லையா? சின்ன வயதில் காது குத்தும்போது ஏதாவது கோணலாகிவிட்டதா? அம்மாவிடம்கூடக் கேட்டேன். "உனக்கு என் காதுடி, நல்லாத்தானே இருக்கு" என்று வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அப்புறம் ஒரு நாள், வளையல் கடையில் நின்றுகொண்டிருந்தபோது சட்டென்று கோபம் வந்தது. கடைக்கார அம்மா என் கையைப் பிடித்தார், கட்டைவிரல் பக்கம் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார், "ரெண்டு நாலு உங்களுக்கு இறுக்கும், ரெண்டு ஆறு போடுங்க" என்று வேறு பெட்டியைத் திறந்தார். உங்கள் கை அமைப்பு சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்தால் அவர் தோளைக் குறை சொல்வதில்லை. செருப்புக் கடையில் ஏழு பத்தவில்லையென்றால் எட்டு வரும். உடம்பில் போடுகிற எல்லாவற்றுக்கும் நம்மிடம் அளவு என்ற ஒன்று இருக்கிறது. தோட்டுக்குக்கூடத் திருகாணி சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அதே காதில் நாள் முழுக்கப் போடுகிற ஒரு பொருளை மட்டும், பெட்டியை உடைத்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று விற்கிறார்கள். சரி, சுகாதாரக் காரணம் இருக்கிறது, ஒருவர் காதில் போட்டதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் போட்டுப் பார்க்காமல் வாங்க வைத்துவிட்டு, நிற்கவில்லை என்றால் பழியைக் காது மேல் போடுவது என்ன நியாயம்?

மூன்று ரப்பர், ஒரு மருந்து

புதிதாக ஒரு ஜோடி வாங்கினேன். இந்த முறை பெட்டிக்குள் இருந்த குட்டிப் பிளாஸ்டிக் உறையைத் திறந்தேன். அதில் சின்னது, பெரியது என்று இரண்டு ஜோடி ரப்பர் இருந்தது. ரப்பர் என்று சொல்கிறோமே தவிர, அது சிலிக்கான். நடு அளவு கம்பெனியிலேயே மாட்டி வருகிறது. முன்பு வாங்கியவற்றில் அந்த உறையை நான் திறந்ததே இல்லை. எங்கள் டீமில் கேட்டுப் பார்த்தேன், பதினோரு பேரில் இரண்டு பேர்தான் திறந்திருந்தார்கள்.

விழுகிறது என்றால் லூசாக இருக்கிறது, அப்படியானால் பெரியது போட வேண்டும் என்று நினைத்தேன். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பெரியதைப் போட்டேன். முன்பைவிட மோசம். பெரிய தக்கையைச் சின்ன பாட்டிலின் வாயில் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் மெல்ல மேலே எழும்புமே, அதேபோல் பத்து நிமிடத்தில் வெளியே வந்து நின்றது. காரணம் அப்போது எனக்குப் புரியவில்லை.

அடுத்தது சிறகு வைத்த வகை. சின்ன சிலிக்கான் கொம்பு ஒன்று காது மடலின் உள் மடிப்பில் போய் மாட்டிக்கொள்ளும். நன்றாகவே நின்றது. ஆனால் இரண்டு மணி நேரம் கழித்துக் கழற்றினால் அந்த இடத்தில் சிவப்பாக ஒரு பள்ளம். காது மடலில் தோலுக்குக் கீழே சதை கிடையாது, நேராகக் குருத்தெலும்பு. ஒரே புள்ளியில் அழுத்தம் விழுந்தால் தாங்குவதற்கு மெத்தை எதுவும் இல்லை. ஓட்டப் பயிற்சிக்கு அரை மணி நேரம் போடுபவருக்கு அது பொருந்தலாம். ஷிஃப்ட் முழுக்க போடும் பொருள் அல்ல அது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்று அடுக்காகக் குடை மாதிரி இருக்கும் ரப்பரையும் வாங்கிப் பார்த்தேன். உள்ளே தள்ளும்போதெல்லாம் இருமல் வந்தது. தொண்டைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பினேன். வேகஸ் என்ற நீண்ட நரம்பின் ஒரு கிளை காதுத் துளையின் தோலுக்கு வருகிறது, அதைத் தொட்டால் சிலருக்கு இருமல் வரும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். காது குடையும்போது சிலர் இருமுவார்கள், பார்த்திருப்பீர்கள்.

கடைசியில் ஃபோம். விரலால் நசுக்கி உள்ளே விட்டு, அரை நிமிடம் பிடித்திருந்தால் அதுவாக விரிந்து துளையை நிரப்பும். இது விழவே இல்லை. தெரு இரைச்சல் பாதியாகக் குறைந்தது, போனின் சத்தத்தையும் குறைத்து வைக்க முடிந்தது. அது பெரிய விஷயம். காதுக்கும் ரப்பருக்கும் இடையில் இடைவெளி இருந்தால் முதலில் போவது கனமான ஒலிகள்தான், வெளிச் சத்தமும் உள்ளே வரும், நாம் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான வரம்பு. என்னைப் போல வேலைக்காகவே கேட்பவர்களுக்கு அந்த 40 மணி நேரம் சீக்கிரமே நிரம்பிவிடும். காதில் சரியாக உட்காராத இயர்பட் கீழே விழுவதோடு நிற்பதில்லை, கேட்கும் சக்தியையும் மெதுவாகத் தின்கிறது.

ஆனால் ஃபோம் போட்ட இரண்டாம் நாளே வேறு தொல்லை. என் குரலே எனக்குப் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோலக் கேட்டது. நாம் பேசும்போது குரலின் அதிர்வு எலும்பு வழியாகக் காதுத் துளைக்குள்ளும் வருகிறது. திறந்த காதில் அது வெளியே போய்விடும். வாசலை அடைத்துவிட்டால் உள்ளேயே சுற்றும். என் குரல் எனக்கு உரக்கக் கேட்டதால் நான் தாழ்த்திப் பேச ஆரம்பித்தேன். "கொஞ்சம் சத்தமா பேசுங்கம்மா" என்று எதிர்முனையில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாவது வாரம் அரிப்பு. சென்னையின் வியர்வை ஃபோமில் ஊறிக் காய்வதற்குள் மறுபடி காதுக்குள் போகிறது. காது டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்து, பூஞ்சை பிடித்திருக்கிறது, நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் இது சாதாரணம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். குறும்பியை அழுக்கு என்று நினைக்காதே, அது காதுக்குக் காவல் என்றார். காதுத் துளையின் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது, குறும்பியையும் தானே வெளியே கொண்டுவந்து விடுகிறது. நாம் எதையாவது வைத்து அடைத்தால் அந்த வழி மறிக்கப்படுகிறது. இரண்டு வாரம் காதில் எதுவும் போடக்கூடாது என்றார். ஸ்பீக்கரில் பேசி வேலை பார்த்தேன். அந்த இரண்டு வாரம்தான் அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கும் வேலையும் வந்தது.

டிரேயில் இரண்டு அச்சு

அப்பா முப்பத்தி நான்கு வருடம் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். டிவி சத்தம் ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே வந்தது, அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பரிசோதனை முடிந்து, காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் என்று முடிவானது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக ஒலி வரும், அந்தக் குழாயின் நுனியில் இருக்கும் அச்சு காதுக்குள் உட்காரும். அந்த அச்சுக்கு அளவெடுக்கத்தான் போயிருந்தோம்.

அளவெடுத்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். முதலில் விளக்கு வைத்து இரண்டு காதையும் பார்த்தார். நூல் கட்டிய ஒரு துளி பஞ்சை உள்ளே தள்ளி வைத்தார், அச்செடுக்கும் மாவு செவிப்பறை வரை போகாமல் தடுக்க. அப்புறம் இரண்டு விதமான மாவைக் கையில் பிசைந்து கலந்து, பெரிய சிரிஞ்சில் அடைத்து, அப்பாவின் காதுக்குள் மெதுவாகச் செலுத்தினார். துளை நிறைந்து, குழி நிறைந்து, மடலின் மடிப்பு வரை வந்தது. காதுக்குள் கேக்கில் க்ரீம் வைப்பதுபோல இருந்தது பார்க்க. அப்பா கையைக் கட்டிக்கொண்டு சாமி கும்பிடுவதுபோல உட்கார்ந்திருந்தார்.

அப்போது அந்தப் பெண், அவர் காதுக்கு அருகில் குனிந்து, "சார், வாயைத் திறந்து திறந்து மூடுங்க. ஏதாவது மெல்லுற மாதிரி பண்ணுங்க" என்று உரக்கச் சொன்னார்.

எதற்கு என்று கேட்டேன். "காது சும்மா இருக்கிறப்ப ஒரு அளவு, பேசுறப்ப ஒரு அளவு மேடம்" என்றார். "வாயை மூடிட்டே அளவெடுத்தா, அச்சு வந்தப்புறம் சாப்பிடுறப்ப லூசாகி விசில் அடிக்கும்." சொல்லிவிட்டு என் சுண்டு விரலை என் காதுக்குள் வைத்துக்கொண்டு வாயைத் திறக்கச் சொன்னார். நீங்களும் இப்போதே செய்து பாருங்கள். விரல் நுனியை லேசாக உள்ளே வைத்துத் தாடையை மேலும் கீழும் ஆட்டினால், துளையின் முன்சுவர் அசைவது தெரியும். கீழ்த்தாடையின் குமிழ் காதுத் துளைக்கு நேர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. வாய் திறக்கும்போது அது முன்னால் நகர்கிறது, துளை அகலமாகிறது. மூடினால் திரும்பி வந்து நெருக்குகிறது. ஒரு வாக்கியம் பேசினால் எத்தனை தடவை இப்படி ஆகும்! 'பால் வாங்கணுமா' என்று கேட்பதற்குள் என் இடது காது எத்தனை தடவை திறந்து, எத்தனை தடவை மூடி அந்தப் பொருளை வெளியே தள்ளியிருக்கும்!

ஐந்து நிமிடம் கழித்து அச்சை உருவி எடுத்தார். அடுத்த காதும் முடிந்தது. இரண்டையும் ஒரு டிரேயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இளஞ்சிவப்பாக, பிள்ளையார் செய்ய எடுத்த களிமண் பிடி மாதிரி இரண்டு உருவம். நான் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று தடித்து, கிட்டத்தட்ட நேராகப் போய், நுனியில்தான் வளைந்தது. மற்றொன்று ஒல்லி. பாதி வழியிலேயே பின்பக்கமாக வெட்டித் திரும்பியது. ஒரே மனிதரின் இரண்டு காது. ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால் மற்றது வரும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வரவே வராது.

"ரெண்டு காதும் அச்சு அசலா ஒண்ணா இருக்கிறவங்க யாருமே இல்ல மேடம்" என்று சொல்லிக்கொண்டே, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம் என்று பேனாவால் புள்ளி வைத்தார். வலது சிவப்பு, இடது நீலம். மாறிவிடக் கூடாதாம்.

கடைக்காரப் பையன் சொன்னது அந்த இடத்தில்தான் என்னை விட்டுப் போனது. என் காது அமைப்பு அப்படித்தான். எல்லார் காதும் அப்படித்தான். அது இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வளைந்த வழி. வெளிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, உள்ளே மீதி எலும்பு, அதன் மேல் மிக மெல்லிய தோல். அந்த வழி ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு இடதும் வலதும் மாறும், பேசும்போது ஒன்றாகவும் மெளனமாக இருக்கும்போது வேறாகவும் இருக்கும். வயதாக ஆக மடலும் மாறும். 1995-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குடும்ப மருத்துவர் எழுதினார், 206 பேரின் காதை அளந்து பார்த்ததில் வருடத்துக்குச் சராசரியாக 0.22 மில்லிமீட்டர் நீளம் கூடுகிறது என்று. அப்படிப்பட்ட உறுப்புக்கு ஒரே அளவில் ஒன்றைச் செய்துவிட்டு, நிற்காதவர்களைச் 'சில பேர்' என்று சொல்வதை இனி நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பேசுபவரின் காது

வயர்லெஸ் இயர்பட் வாங்க நினைப்பவர்கள் வீடியோ பார்ப்போம். அதில் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு தலையை இடதும் வலதும் வேகமாக ஆட்டுவார், குதிப்பார், ட்ரெட்மில்லில் ஓடுவார். விழவில்லை, அருமை என்பார். ஒருவராவது அதைப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் தொடர்ந்து பேசிப் பார்த்து நான் கண்டதில்லை. பாட்டுக் கேட்பவரின் தாடை சும்மா இருக்கிறது. மைக் வைத்துப் பேசுவதற்கென்றே ஒரு பொருளைச் செய்து, அதன் பிடிமானத்தை மட்டும் பேசாத காதில் சோதிக்கிறோம். எனக்கு இருந்த சிக்கல் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான்.

பேசுவதற்காக ஹெட்செட் போட்டவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. 1961-ல் அமெரிக்காவில் பிளான்ட்ரானிக்ஸ் கம்பெனியைத் தொடங்கிய இருவரும் விமானிகள். விமானத்தில் மணிக்கணக்காகத் தலையை நெரிக்கும் கனமான ஹெட்செட்டுக்கு மாற்றாக லேசான ஒன்றைச் செய்வதுதான் அவர்கள் வேலையாக இருந்தது. 1969-ல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவிலிருந்து பேசியது அந்தக் கம்பெனியின் ஹெட்செட் வழியாகத்தான். மேடையில் பாடுபவர்களும் வாசிப்பவர்களும் 1990-களிலேயே காது மெஷினுக்கு எடுப்பதுபோல அச்செடுத்துத் தங்களுக்கென்று இயர்போன் செய்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள். வேலைக்காகப் போடுபவர்கள் தங்கள் காதிலிருந்து ஆரம்பித்தார்கள். கடைக்கு வந்த பொருள் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆப்பிளின் முதல் ஏர்பாட்ஸ் 2016 டிசம்பரில் விற்பனைக்கு வந்தபோது ஒரே உருவம், ரப்பரே கிடையாது. 2019-ல் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோவில் மூன்று அளவு ரப்பர். அதைவிடச் சின்ன ஒரு அளவு 2022-ல்தான் சேர்ந்தது. அதுவரை அந்தச் சின்னக் காதுக்காரர்களிடமும் 'உங்க காது அப்படி' என்றுதான் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்களில் பலர் பெண்களாக இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஒயர் இருந்த காலத்தில் விழுந்தால் மார்பில் தொங்கும், எடுத்து மாட்டிக்கொள்வோம். ஒயர் போனதும் பேட்டரியும் சிப்பும் மைக்கும் காதுக்கே வந்துவிட்டன. நாலைந்து கிராம்தான். ஆனால் அந்தக் கனத்தில் பெரும்பங்கு துளைக்கு வெளியே தொங்குகிறது, பிடிமானம் உள்ளே ஒரு சின்ன ரப்பரில் மட்டும். தாடை அசையும்போதெல்லாம் அது நெம்புகோல் மாதிரி வேலை செய்கிறது. கொரோனா வருடங்களில் மாஸ்க்கின் நாடாவைக் கழற்றும்போது இயர்பட்டும் சேர்ந்து பறந்தது நினைவிருக்கும். மூக்குக்கண்ணாடி, மாஸ்க், துப்பட்டா, கம்மல் என்று நம் காதுகள் ஏற்கெனவே நெரிசலான இடம்.

கனத்தை எங்கே இறக்கி வைப்பது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிய கேள்வி இல்லை. எங்கள் ஆச்சி பாம்படம் போட்டவள், திருநெல்வேலிப் பக்கம். அவள் காதுச் சோணை தோள் வரை தொங்கும். கனத்தைக் காதே சுமந்த காலம் அது. அம்மா காலத்தில் ஜிமிக்கி வந்தது, கூடவே மாட்டல். சித்தி மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பெரிய ஜிமிக்கி போட்டுவிட்டார்கள். அரை மணி நேரத்தில் சோணை எரிந்தது. அத்தை வந்து, மாட்டலை ஜிமிக்கியில் கோத்து, காதுக்கு மேலே இழுத்து முடியில் செருகினார். அந்த நொடியே எரிச்சல் நின்றது. ஜிமிக்கி அதேதான், கனமும் அதேதான், தாங்கும் இடம்தான் மாறியது. காது மேல் வளைந்து பின்னால் போகும் கொக்கி வைத்த இயர்போனைப் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு அந்தக் கல்யாண மண்டபம்தான் ஞாபகம் வந்தது. துளைக்குள் இருக்கும் ரப்பருக்கு இனி சுமக்கிற வேலை இல்லை, ஒலியை உள்ளே அனுப்பினால் போதும். இறுக்கினால்தான் நிற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு இடத்தில் லேசாகத் தொட்டாலே போதும், நிற்கிறது.

இப்போது

மருந்து முடிந்து டாக்டர் சரி என்ற பிறகு, பழைய உறையிலிருந்து சின்ன ரப்பரை எடுத்து இடது காதுக்கு மட்டும் போட்டேன். வலதுக்கு நடு அளவு. ஒரு ஜோடியில் இரண்டு வேறு அளவு போடலாம் என்பது அப்பாவின் அந்த டிரேயைப் பார்க்கும் வரை எனக்குத் தோன்றவே இல்லை. என் இடது துளை ஒல்லி. பெரிய ரப்பர் முதல் வளைவுக்கு முன்னாலேயே முட்டிக்கொண்டு நின்றது, அதனால்தான் எழும்பி எழும்பி வெளியே வந்தது. சின்னது வளைவைத் தாண்டி உட்காருகிறது. போடும்போது வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், இடது மடலை மேலும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன். வளைந்த வழி கொஞ்சம் நேராகிறது. காதைப் பார்ப்பதற்கு டாக்டரும் அப்படித்தான் இழுத்தார். உள்ளே போனதும் வாயை நன்றாகத் திறந்து மூடி, நூறிலிருந்து எண்பது வரை பின்னாலிருந்து எண்ணுகிறேன். அதற்குள் நகர்ந்தால் எடுத்துவிட்டு மறுபடி போடுகிறேன். ரப்பரில் வியர்வையோ எண்ணெயோ இருந்தால் எதுவும் நிற்காது. தினமும் ராத்திரி துடைத்துக் காயவைக்கிறேன்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் துளையை அடைக்காமல் மடலின் ஓரத்தில் கவ்விக்கொள்ளும் வகையைப் போடுகிறேன். என் குரல் எனக்கு இயல்பாகக் கேட்கிறது, காதும் காற்றாட இருக்கிறது. ஆனால் மேல் காதில் இரண்டாவது கம்மல் போட்டிருந்தால் அதில் இடிக்கும், ஆபீஸ் இரைச்சலுக்கும் ஆகாது. ரயிலில் கொக்கி வைத்தது. ஒரே ஒன்று எல்லாவற்றுக்கும் போதும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் இரண்டு காதும் சும்மா இருக்கின்றன.

டீமில் மற்ற பத்துப் பேரிடமும் அந்த உறையைத் திறக்கச் சொன்னேன். ஒரு தங்கைக்கு என்னைப் போலவே இடதும் வலதும் வேறாக இருந்தது. "அக்கா, ரெண்டு வருஷமா என் தலையெழுத்துன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

அப்பாவின் அச்சு பத்து நாளில் வந்தது. போட்ட முதல் வாரம் வலது காதில் ஓர் இடம் உறுத்துகிறது என்றார். மறுபடி போனோம். அந்தப் பெண் அவர் காதில் சிவந்திருந்த இடத்தைப் பார்த்து, அச்சில் அதே இடத்தைப் பேனாவால் குறித்து, சின்ன மெஷினில் தேய்த்து, பாலிஷ் போட்டுக் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை. காதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "வீட்டுக்குப் போய் ஏதாவது கடினமா சாப்பிட்டுப் பாருங்க சார். விசில் வந்தா திரும்ப வாங்க."

சாயங்காலம் அம்மா கைமுறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா ஒன்றை உடைத்து வாயில் போட்டு, எங்களைப் பார்த்துக்கொண்டே நிதானமாக மென்றார். விசில் வரவில்லை. அடுப்படிக்குத் திரும்பிப் போன அம்மா அங்கிருந்தே, சாதாரணக் குரலில், "காபி போடவா?" என்று கேட்டாள். "சர்க்கரை கம்மியா" என்றார் அப்பா, திரும்பாமலே. நானும் இரண்டு இயர்பட்டையும் போட்டுக்கொண்டு ஒரு முறுக்கை எடுத்தேன். மூன்றாவது முறுக்கில் இடது பக்கம் லேசாக நகர்ந்தது. விழவில்லை.